பந்தைத் தொடாத நடுவர்

இலங்கையில் ஊவா மாகாணத்துப் பக்கம் கரப்பந்தாட்டம் பார்க்கப் போகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், நெட்டின் ஓரத்தில் உயரமான பலகையில் ஏறி நிற்கும் அந்த ஒல்லி மனிதரை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் விசில், நெற்றியில் திருநீறு. ஆட்டம் முடிந்து அவர் கீழே இறங்கும்போது பந்து உருண்டு காலடிக்கு வந்தால் கவனித்துப் பாருங்கள். குனிந்து எடுத்துக் கொடுக்க மாட்டார். காலால் தட்டியும் விட மாட்டார். ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்று, பந்து இங்கே இருக்கிறது என்று யாரையாவது கூப்பிடுவார். தெரியாதவர்கள் இதைத் தலைக்கனம் என்பார்கள். ஹல்துமுல்லையில் ஒரு பயிற்சியாளர் என் காதுபடவே, கழுத்தில் விசில் ஏறியதும் இவருக்கு முதுகு வளையவில்லை என்று சொன்னார். நான் அவரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். இந்த விஷயத்தில் மட்டும் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

அந்த மனிதர் சண்முகராஜா. ஆத்துமலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. என் வயதுக்காரன், என் கூட்டாளி. இனிமேலும் 'அவர்' என்று எழுதினால் வாசித்துவிட்டு என்னைக் கிண்டல் பண்ணுவான் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

என் பெயர் ஹஸீப். இப்போது பண்டாரவளையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது பூனாகலைப் பாதையில், ஆத்துமலைத் தோட்டத்துக்குப் பாதை பிரிகிற சந்தியில். அங்கே என் வாப்பா இப்றாஹீம் ஒரு பலசரக்குக் கடை நடத்தினார். கடைக்கு மேலே தோட்டம், தோட்டத்தின் நடுவில் மாரியம்மன் கோயில், கோயிலுக்கு முன்னால் ஒரு சின்ன மைதானம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்த மைதானத்தில்தான் கிடப்பேன். அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லுகிற நேரம் வாப்பா கடை வாசலில் நின்று கைதட்டுவார். அந்தத் தட்டல் மலையில் மோதி எனக்குக் கேட்கும். நான் ஓடிவிடுவேன். மற்றவர்கள் தீபாராதனைக்குப் போவார்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கும்.

எங்கள் அணியில் நான் லிப்ட் கொடுக்கிறவன், அவன் அடிக்கிறவன். கரப்பந்து தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவன் பந்தை நெட்டுக்கு மேலே பதமாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும், இன்னொருவன் எழும்பி அதை அந்தப் பக்கம் அறைய வேண்டும். கைதட்டல் எல்லாம் அறைகிறவனுக்கு. தூக்கிக் கொடுத்தவனை அவன் வீட்டு ஆட்கள்கூடப் பார்க்க மாட்டார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு. ஆனால் சண்முகராஜா எழும்பி அடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் குறை மறந்துபோகும். கொழுந்துச் சாக்கு சுமந்து பழகிய தோளும், மலைப்படி ஏறி இறங்கிய காலும் அவனுக்கு. அவன் மேலே போனால் கீழே வர மறந்தவன் மாதிரி ஒரு நொடி அங்கேயே நிற்பான். வெலிமடைப் பக்கத்து அணிகள் அவன் பெயரைக் கேட்டாலே பின்னால் தள்ளி நிற்கும்.

அவனுக்குக் கல்யாணமானது. மனைவி சந்திரகாந்தி, அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். நேராகப் பேசுவாள், கோபம் வந்தால் எதிரில் நிற்க முடியாது. ஒரு பெண் பிள்ளை பிறந்தது, கௌசிகா. கல்யாணமாகியும் பிள்ளை பிறந்தும் இவன் ஆட்டம் குறையவில்லை. ஞாயிறு என்றால் லொறியில் ஏறிவிடுவான். அவளும் பல தடவை சொல்லிப் பார்த்தாள். இவன் சிரித்துக்கொண்டே போவான். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்தோம். இளம் வயதில் அப்படித்தானே இருந்தோம்.

கௌசிகாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, வெலிமடையில் ஒரு பெரிய போட்டிக்குப் போனோம். வென்றோம். கிண்ணத்தை லொறியின் முன்னால் கட்டி, தகர டப்பாவில் தாளம் போட்டு, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வந்தோம். சந்திக்கு வந்து பார்த்தால் வாப்பாவின் கடை பூட்டிக் கிடக்கிறது. வாப்பா பெருநாளைக்குத் தவிர கடை பூட்டி நான் பார்த்ததில்லை. லொறியில் பாட்டு நின்றது.

சண்முகராஜாவின் பக்கத்து வீட்டு இராக்கம்மாதான் சந்தியில் காத்து நின்று விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. சந்திரகாந்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். வாப்பா கடைக்குள் நின்ற ஆட்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டி, சாமான் ஏற்றும் வேனில் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அப்போது எங்கள் பக்கம் கைத்தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கும் சிக்னல் கிடைக்காது. எங்களுக்கு யார் சொல்வது?

சண்முகராஜா லொறியிலிருந்து குதித்தான். அதே லொறியில், அதே வியர்வைச் சட்டையோடு பதுளைக்குப் போனோம். கிண்ணம் லொறியிலேயே ஆடிக்கொண்டு வந்தது. அது இன்றைக்கும் என் கடை ராக்கையில்தான் இருக்கிறது. அவன் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

மூளைக் காய்ச்சல் என்றார்கள். பிள்ளை கண் திறக்காமல் கிடந்தது. தாயை மட்டும்தான் வார்டில் விட்டார்கள், நாங்கள் வெளியே நடையில் நின்றோம். வாப்பா ஒரு பக்கம் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். உள்ளே சந்திரகாந்தி தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து, அதில் ஒரு காசை முடிந்து, பிள்ளையின் தலைமாட்டில் வைத்து அம்மனிடம் வேண்டியிருக்கிறாள். என்ன வேண்டினாள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. சில நாட்களில் பிள்ளை கண் திறந்தது, தண்ணீர் கேட்டது. பிறகு எழுந்து உட்கார்ந்தது. அல்லாஹ்வின் கிருபை என்று வாப்பா சொன்னார். மாரியாத்தா காப்பாற்றிவிட்டாள் என்று இராக்கம்மா சொன்னாள். டொக்டர்மாரும் ராப்பகலாகப் பாடுபட்டார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டிய நேரம் அது. யாருக்கு எவ்வளவு என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த நாளில் பதுளை பஸ் ஸ்டாண்டில் நானும் கூட நின்றேன். சண்முகராஜா சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஓடிப்போய், பிள்ளைக்கு ஒரு சிவப்பு ரப்பர் பந்து வாங்கி வந்தான். அதைப் பிள்ளையின் கையில் கொடுக்கப் போனபோதுதான் சந்திரகாந்தி வாய் திறந்தாள்.

"ஏங்க, நான் அம்மாகிட்ட ஒண்ணு சொல்லியிருக்கேன். புள்ள பொழைச்சா, இனி ஒங்க கை பந்தத் தொடாதுன்னு சொல்லி முடிஞ்சிருக்கேன்."

அவன் கையில் இருந்த பந்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சண்டை வரப்போகிறது என்று நான் நினைத்தேன். அவன் பந்தை மெதுவாகப் பக்கத்து பெஞ்சில் வைத்தான். "சரி" என்றான். அவ்வளவுதான்.

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்தவன் கையை வைத்து இவள் எப்படி நேர்த்திக்கடன் வைக்கலாம்? மொட்டை அடிக்கிறேன், தீ மிதிக்கிறேன், பால்குடம் எடுக்கிறேன் என்று தன்னால் ஆனதைச் சொல்லியிருக்கலாமே. வீட்டில் ஒருத்தர் மற்றவருக்காக வேண்டிக்கொள்வதும், அந்த மற்றவர் மறுபேச்சில்லாமல் அலகு குத்திக்கொண்டு நிற்பதும் தோட்டத்தில் வழக்கம்தான். ஆனால் அதெல்லாம் ஒரு நாள் காரியம். இது ஆயுசுக்கும் அல்லவா. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொழிற்சாலை வாசலில் வைத்து அவனிடம் நேராகவே கேட்டேன். எங்கள் மார்க்கத்தில் தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை நேர்ச்சை வைத்தால் அது செல்லாது, உங்கள் பக்கமும் ஏதாவது பரிகாரம் இருக்கும், பூசாரியிடம் போய்க் கேள் என்றேன்.

அவன் கையிலிருந்த தேயிலைத் தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னான். "மச்சான், அவ பயந்து நின்ன நேரத்துல நான் பக்கத்துல இல்ல. அவ கையில குடுக்கிறதுக்கு என்ன இருந்துச்சு? எனக்கு ரொம்பப் புடிச்சது எதுன்னு அவளுக்குத் தெரியும். அதக் குடுத்துட்டா."

"அம்மனுக்குப் பயமா?" என்று கேட்டேன்.

"பயம்னா பரிகாரம் கேட்டிருப்பேன். இது நன்றி. நன்றிக்கு என்ன பரிகாரம் இருக்கு?"

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. வாதாடத் தெரியாமல் அல்ல. எங்கள் பள்ளிவாசலில் நன்றிக்கு ஷுக்ர் என்று சொல்கிறார்களே, அது என்ன என்று அன்றைக்கு ஒரு கோயில்காரன் வாயால் எனக்கு விளங்கியதுபோல் இருந்தது. வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

அதன் பிறகு அவன் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பு வரும். அவன் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரையில் பந்து விழுந்தால் ஏறி எடுக்க மாட்டான், கீழே நின்று ஆள் கூப்பிடுவான். கொழுந்துச் செடிக்குள் பந்து போனால் அது கிடக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பான். ஒரு தடவை அவன் முகத்துக்கு நேராக ஒரு பந்து வந்தது. கையால் தடுத்திருக்கலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கில் வாங்கினான். மூக்கு வீங்கி ஒரு வாரம் தொழிற்சாலையில் எல்லோருக்கும் நல்ல வேடிக்கை. அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் கௌசிகா அந்தச் சிவப்புப் பந்தை எறிந்து, "அப்பா, புடி" என்று சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவான்.

எங்கள் அணி அடுத்த வருடமே படுத்துவிட்டது. நான் தூக்கிக் கொடுத்து என்ன, அடிக்க ஆள் இல்லையே. அதோடு மைதானத்தில் சண்டையும் வந்தது. பந்து கோட்டுக்குள்ளா வெளியேயா என்று தொடங்கி, சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போனது. ஒரு பொங்கல் போட்டியில் இரண்டு பக்கமும் நடுவரை ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று நின்றார்கள். அப்போது யாரோ, ஓரத்தில் நின்ற சண்முகராஜாவைக் கூப்பிடுங்கள், அவன்தான் பந்தையே தொடாதவன், அவனுக்கு எந்தப் பக்கமும் ஆசை இருக்காது என்று கத்தினார்கள். கிண்டலுக்குச் சொன்னதுதான். ஆனால் அவன் விசிலை வாங்கினான். அம்மன் கோயில் பக்கம் திரும்பி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஊதினான். அன்றைக்குச் சண்டை வரவில்லை.

பிறகு பதுளைக்குப் போய் நடுவர் பரீட்சை எழுதி, முறையாகத் தேறினான். தோட்டம் தோட்டமாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கூப்பிட்டார்கள். ஆட்டம் தொடங்குமுன் பந்தைச் சரிபார்க்க வேண்டியது நடுவரின் வேலை. இவன் இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டு, நீங்களே அமுக்கிப் பார்த்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்கள் என்பான். அவர்கள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். சிரித்த முகத்தோடு தொடங்கிய ஆட்டத்தில் பாதிச் சண்டை குறைந்துபோகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் ஆட்டம் வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டான். பௌர்ணமிப் போயா தினத்தில் பௌத்த விகாரையில் பண உபதேசம் ஓதும்போது விசிலை மெதுவாக ஊதுவான். எந்தச் சாமியையும் அவன் அவசரப்படுத்தியதில்லை.

ஒரு தடவை அரையிறுதியில் சொந்தத் தோட்டத்துக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னான். பந்து எங்கள் பையன் ஒருவனின் விரல் நுனியில் பட்டு வெளியே போனதை அவன் மட்டும்தான் பார்த்தான். பட்டது என்று கையைக் காட்டினான், நாங்கள் தோற்றோம். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒருத்தரும் அவனோடு பேசவில்லை. சந்திரகாந்தியோடும் பேசவில்லை. அவள்தான் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே, பட்டதைப் பட்டது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாளாம். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பையனே வந்து, பட்டது உண்மைதான் அண்ணே என்று ஒத்துக்கொண்டான்.

என் மகள் பஹ்மா விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவள் பள்ளிக்கூட அணியில் ஆடத் தொடங்கியபோது, தலையில் துணியும் முழுக்கைச் சட்டையுமாக ஆட விடக் கூடாது என்று எதிர் அணி ஆட்கள் பிடிவாதம் பிடித்தார்கள். இவன் பலகையிலிருந்து இறங்கிவந்து, பிள்ளை எந்த உடுப்பில் ஆடினால் அதன் தாய் தகப்பன் நிம்மதியாகத் தூங்குவார்களோ அந்த உடுப்பில் ஆடட்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பப் போய் ஏறி நின்றுகொண்டான். பஹ்மா ஆடினாள். தோட்டத்துத் தாய்மாரும் அதன் பிறகுதான் தங்கள் பெண் பிள்ளைகளை வெளியூர் ஆட்டங்களுக்கு அனுப்பத் துணிந்தார்கள். சண்முகராஜா அங்கே நிற்பான் என்றால் போதும், பயம் இல்லை.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். அவன் ஆடியிருந்தால் இன்னும் ஐந்தாறு வருடம் ஆடியிருப்பான். பிறகு முழங்கால் போய், என்னைப்போல் வயிறு வைத்து, பழைய கதை பேசிக்கொண்டிருப்பான். ஆடாமல் விட்டதால் இத்தனை வருடமும் ஆட்டத்தின் நடுவிலேயே நிற்கிறான். இதை அவனிடம் சொன்னபோது, கணக்குப் பார்த்தா நான்தான் அம்மனுக்குக் கடன்பட்டிருக்கேன் என்று சிரித்தான்.

ஆனால் வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருக்கவில்லை.

கௌசிகாவுக்கு இப்போது இருபது வயது. தோட்டத்துச் சிறுவர் நிலையத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பெண்கள் அணியில் லிப்ட் கொடுக்கிறவளும் அவள்தான். என் வேலை. ஆனால் என்னைவிட நன்றாகச் செய்கிறாள், ஒத்துக்கொள்கிறேன். அவள் எந்த மைதானத்துக்குப் போனாலும், இந்தப் பிள்ளைக்காகத்தான் அப்பன் பந்தை விட்டான் என்று யாராவது இன்னொருவருக்குக் காட்டுவார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். கேட்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

சந்திரகாந்தி முந்தானையில் முடிந்த அந்தக் காசு, மஞ்சள் நனைத்த துணியில், வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. மற்ற நேர்த்திகளில் காரியம் முடிந்ததும் காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிடலாம். இது முடியாத நேர்த்தி. அதனால் காசும் அங்கேயே கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டும் ஒவ்வொரு தடவையும் சந்திரகாந்தியின் முகம் மாறும் என்று கௌசிகா என்னிடம் சொல்லியிருக்கிறாள். புருஷன் ஆசைப்பட்டதைப் பறித்துவிட்டோமே என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தல். திருப்பிக் கொடுத்தால் பிள்ளைக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

இந்த வருடம் திருவிழாவுக்குக் கம்பம் நடுவதற்கு முன்னால் கௌசிகா தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் பேச்சை எடுத்தாள். நான் அன்றைக்கு அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் விசில் ஊதுறீங்க. என்கூட ஒரு தடவ பந்து வெளையாடியிருக்கீங்களா? எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா இந்தப் பாரத்த இனி என்னால தூக்க முடியாது."

சண்முகராஜா தலையைக் குனிந்துகொண்டான். சந்திரகாந்தி அடுப்படிக்குள் போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது, பூ கேட்டுப் பார்ப்போம் என்றாள்.

பூக் கேட்பது எப்படி என்று தெரியாதவர்களுக்காக: ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. மறுபேச்சுக் கிடையாது. நான் எங்கள் நம்பிக்கைப்படி கோயில் வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அங்கே நின்றாலே எல்லாம் தெரியும், கோயில் அவ்வளவு சின்னது. பாதித் தோட்டம் வந்து நின்றது. வெள்ளை வர வேண்டும் என்று நானும் என் இறைவனிடம் கேட்டேன். அவன் மன்னிக்கட்டும்.

இராக்கம்மாவின் மருமகள் தன் மூன்று வயது மகளை இறக்கிவிட்டாள். பிள்ளை தத்தித் தத்திப் போனது. பூசாரி, ஒன்றை எடு தாயே என்றார். பிள்ளை ஒரு கையில் ஒரு பொட்டலத்தை எடுத்தது. அடுத்த கையில் மற்றதையும் எடுத்தது. இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு தாயிடம் ஓடிவந்துவிட்டது.

கோயிலுக்குள் ஒரே குழப்பம். முதலில் எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்றார்கள் சிலர். எது முதல் என்று யாருக்கும் நினைவில்லை. மறுபடி வைக்கலாம் என்றார்கள் சிலர். ஒரு தடவைதான் கேட்க வேண்டும், திரும்பக் கேட்டால் அம்மனை நம்பாததாகும் என்றார்கள் வேறு சிலர். எங்கள் மைதானத்தில் கோட்டுப் பந்துக்குச் சண்டை போடுவார்களே, அதே ஆட்கள், அதே தொண்டை. பூசாரி கையை உயர்த்தினார்.

"அம்மா தீர்ப்புச் சொல்லல. ரெண்டையும் தூக்கிக் குடுத்துட்டா. வேண்டினவளும் விட்டவனுமா நீங்களே பேசி முடிங்க."

எல்லோரும் திரும்பிச் சந்திரகாந்தியைப் பார்த்தார்கள். அவள் அந்த மஞ்சள் முடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மனைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு, புருஷன் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அன்னைக்கு நான் பாதி தான் வேண்டினேங்க. மத்த பாதி கோவம். புள்ள துடிக்குது, நீங்க வெலிமடையில பந்து அடிக்கிறீங்க. அந்தக் கோவத்தையும் சேத்துத்தான் சாமிகிட்ட முடிஞ்சேன். அது நேர்த்தியா, பழியா? இத்தன வருஷமா எனக்குத் தெரியல."

தோட்டத்துக்கே தெரிந்த வாயாடி அவள். அந்தக் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

சண்முகராஜா அவள் பக்கத்தில் போய் நின்றான். "அந்தக் கோவமும் புள்ளைக்காகத் தானே. அம்மாளுக்கு அது தெரியாதா? புள்ளயக் குடுத்தா. நீ என்கிட்ட எதையும் பறிக்கல சந்திரா. அவுத்துப் போடு."

அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அது இறுகிப்போயிருந்தது. கௌசிகா வந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். காசு உண்டியலுக்குள் விழுந்த சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது. நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் அரோகரா சொன்னார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை.

திருவிழா முடிந்து மஞ்சள் நீராட்டு நாளில், வழக்கம்போல் கோயில் மைதானத்தில் நெட் கட்டினார்கள். எல்லோர் மேலும் மஞ்சள் தண்ணீர். நான் பண்டாரவளையில் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். வரும்போது கடையிலிருந்து ஒரு புதுப் பந்தும் கொண்டுவந்தேன். காற்சட்டையை மடித்து, கையை உதறி, நெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை வருடம் கழித்து அவன் அடிக்கப்போகிறான் என்றால் தூக்கிக் கொடுக்க வேண்டியது நான்தானே. அந்த இடம் என்னுடையது.

திரும்பிப் பார்த்தால் கௌசிகா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்தாள். என் புத்தி எங்கே போயிருந்தது என்று என்னையே நொந்துகொண்டு, நான் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டேன்.

சண்முகராஜா பலகையிலிருந்து இறங்கினான். கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது. மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கௌசிகா பந்தைத் தூக்கினாள். என்ன அழகான லிப்ட் அது! நெட்டுக்கு மேலே, பழைய சண்முகராஜா எந்த இடத்தில் நிற்பானோ சரியாக அந்த இடத்துக்குப் பந்து போனது. அவன் ஓடி வந்தான். எழும்பினான். எழும்பினான் என்று நான் மரியாதைக்காக எழுதுகிறேன். தரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தான். கையை வீசினான்.

பந்து நேரே நெட்டில் போய் விழுந்தது.

அவன் நெட்டைப் பார்த்தான். பிறகு விசிலை எடுத்து, தானே ஊதி, கையை நீட்டி எதிர்ப்பக்கத்துக்குப் புள்ளி கொடுத்தான். மைதானமே வெடித்துச் சிரித்தது. பூசாரி சிரித்தார், கௌசிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் சிரித்தான், கண்ணில் தண்ணீரோடு. நான் அழுதேன். மஞ்சள் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பந்து நெட்டுக்கு அடியில் உருண்டு, கோட்டைத் தாண்டி, பெண்கள் நின்ற பக்கம் போய் ஒருத்தியின் காலடியில் நின்றது. சந்திரகாந்தியின் காலடி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து இரண்டு கையாலும் எடுத்தாள். சேலையில் மண்ணைத் துடைத்து, நேராக அவன் மார்புக்கு எறிந்தாள்.

"இன்னொரு தடவ அடிங்க" என்றாள்.